ரூஸ்வெல்ட் பெருமகனாரின் வேட்டை வாழ்க்கை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபத்தாறாம் தலைவராய் விளங்கிய தியொடோர் ரூஸ்வெல்ட் பெருமகனாரின் பெயரை நம் மாணவருள் அறியாதார் அரியர். பின்னாளில் அப்பதவியில் அமர்ந்த பிராங்கிளின் ரூஸ்வெல்ட் இவர்க்குத் தூர உறவினர். இருவரையும் ஒருவரென மயங்குவார் உளர். பனாமாக் கால்வாய் வேலையை அமெரிக்கர் மேற்கொள்ளக் காரணமாயிருந்தவர் என்றும், ருஷியர்க்கும் ஜப்பானியர்க்கும் மூண்ட போரைத் தீர்த்து வைத்து 1906-ஆம் ஆண்டில் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர் என்றும் சரித்திர நூல்கள் இவரைக் குறிக்கும். அவ்வரசியற் செய்திகளை ஈண்டு நாம் விரிக்கப் புகவில்லை. வேட்டையாடிக் கொன்ற விலங்கின் இறைச்சியைக் காட்டில் அழுகவிட்டுக் கொம்பை மட்டும் கொண்டு வருதல் குற்றம் என்னும் விதி, இன்று அந்நாட்டு மாகாணங்கள் பலவற்றில் சட்டமாய் நிற்கின்றது. அவ்விதியின் பின்னேயுள்ள எண்ணம் வேரூன்றிய காலமும் ரூஸ்வெல்ட்டின் வாழ்நாளும் ஒன்றே. விலங்குகளை ஓயாது கொன்ற ஒருவரே விலங்குகளைக் காக்கும் வேலிகளையும் நட்டார் என்பது விந்தையாய்த் தோன்றும். அவ்விந்தையை ஆராய்தலே நம் நோக்கம். அதற்கு எல்க் என்னும் மான் ஒன்றையே நாம் துணையாகக் கொள்வோம்.

முதற்கண் அப்பெயரைத் தெளிதல் வேண்டும். ஐரோப்பியர் எல்க் என்று வழங்கும் விலங்கை அமெரிக்கர் மூஸ் என்பர். இலங்கையிலும் நீலகிரியிலும் வேட்டையாடிய ஆங்கிலேயரோ நம் கடமானை எல்க் என்று எழுதிவைத்தனர். பழைய வேட்டை நூல்களைப் புரட்டுவோர் இதனால் இடர்ப்படுவதுண்டு. அமெரிக்கர் எல்க் என்பது இவ்விரண்டும் அன்று. செம்மான் இனத்தைச் சார்ந்த பெரியதொரு மான் அது. வாபிட்டி என்னும் பெயரும் அதற்கு உண்டு. பின்புறம் வெளுத்தது என்று பொருள்படும் அமெரிக்கப் பழங்குடியினர் சொல் அது. வளர்ந்த ஆண்மான் ஏறக்குறைய எழுநூறு ராத்தல் நிறைகொள்ளும். ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும் அதன் கொம்புகள் கிளைவிட்டு நிற்கும். மேல்வாயில் தந்தம்போல் வழவழத்த பற்கள் இரண்டு உண்டு. அவற்றால் அவ்வினத்துக்கு நேர்ந்த கேட்டைப் பின்னர்க் கூறுவோம்.

இத்துணைப் பெரிய விலங்கு சாலையற்ற மலைச்சரிவில் வீழ்ந்தால் அதனைக் கொண்டுவருதல் எளிதன்று. எலும்பு களைந்த இறைச்சியே இருநூறு ராத்தலுக்குக் குறையாது. பொதிக்குதிரை இல்லாதவன் தன் முதுகிலே சுமந்து நான்கைந்து நடை நடத்தல் வேண்டும். காலந்தாழ்த்தவும் இயலாது, அடர்ந்த மயிர்த்தோல் உடற்சூட்டை வெளியே விடாமல் அடைத்துக்கொள்வதால், குளிர்ந்த இரவிலுங்கூடத் தொடையெலும்பை ஒட்டிய தசை கெட்டுப்போகும். உடனே தோலுரித்துக் கூறுபோட்டு நிழலில் தொங்கவிட்டாலன்றி அது உணவுக்கு உதவாது. தலையும் கொம்புமோ ஒரே நடையில் வந்துவிடும். சுவரில் மாட்டுவதற்கும் அவையே ஏற்றவை. வேட்டைக்காரனின் மனம் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ரூஸ்வெல்ட் 1858-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ஆம் நாள் நியூயார்க் நகரத்திற் செல்வக்குடி ஒன்றில் தோன்றினார். இளமையில் ஈளைநோயால் மூச்சுத் திணறி வருந்தினார். ஓடியாட இயலாத சிறுவர் நூல்களிலும் உயிர்ப்பொருள்களிலும் மனம் வைத்தார். ஒருநாள் அங்காடியில் விற்பனைக்குக் கிடத்தப்பட்டிருந்த கடல்நாய் ஒன்றைக் கண்டு வியந்து, அதன் மண்டையோட்டைத் தேடிப் பெற்று, தம் வீட்டிலேயே ஒரு சிறு பொருட்காட்சியைத் தொடங்கினார். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கைப் பொருட்காட்சிச் சாலையை 1869-ஆம் ஆண்டில் நிறுவியவர்களுள் அவருடைய தந்தையாரும் ஒருவர் என்பதால், இவ்விருப்பத்துக்கு வீட்டில் தடையில்லை. பறவைகளின் தோலை உரித்துப் பதப்படுத்தி உயிருள்ளன போல நிறுத்தும் கலையை அவர் முறையாகக் கற்றார். பதின்மூன்று வயதளவில் துப்பாக்கி கைக்கு வந்தது. தோழர் கண்ட குறி தமக்குத் தெரியாமை கண்டே தம் பார்வை குறையுடையது என்று அறிந்து மூக்குக்கண்ணாடி அணிந்தார். உலகம் தெளிவாய்த் தெரிந்த அன்றே சுடவும் தெரிந்துகொண்டார் எனலாம். கொல்லுதலும் அறிதலும் அவரிடத்து ஒன்றாகவே வளர்ந்தன. ஒன்றை விட்டு மற்றொன்றை அவர் ஒருநாளும் எண்ணியதாகத் தெரியவில்லை.

ஹார்வர்டு கல்லூரியில் 1880-இல் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே ஆலிஸ் லீ என்னும் மங்கையை மணந்து, விரைவில் நியூயார்க் மாகாணச் சட்டசபையிலும் இடம்பெற்றார். 1883-ஆம் ஆண்டு செப்டம்பரில் காட்டெருமை ஒன்றைச் சுடவேண்டும் என்னும் ஆசையால் டக்கோட்டா நிலப்பகுதிக்குப் புகைவண்டியிற் சென்றார். அவர் சென்ற காலம் ஒரு பேரழிவின் கடைசி நாட்கள். இருப்புப்பாதை வந்ததன் பின் தோல்வணிகர் புகுந்து, கணக்கற்ற காட்டெருமைகளைச் சுட்டுத் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை வெளியில் விட்டுச் சென்றனர். வடபுலத்துப் பெருமந்தையின் எச்சம் அவ்வாண்டோடு தொலைந்தது. பல நாள் மழையிலும் சேற்றிலும் அலைந்த பின்னரே ரூஸ்வெல்ட்டுக்கு ஓர் எருமை அகப்பட்டது. வெளுத்த எலும்புகள் கிடந்த சமவெளியில் அவர் மகிழ்ந்து கூத்தாடினார் என்று அவருடைய வரலாற்றை எழுதினோர் கூறுவர். அருகிய உயிர் ஒன்றைக் கொன்றோம் என்னும் எண்ணம் அன்று அவர் நெஞ்சைத் தொடவில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், ஒரே வீட்டில், ஒரே நாளில், அவருடைய அன்னையாரும் இளமனைவியாரும் இறந்தனர். மகவு பிறந்து இரண்டு நாளே ஆகியிருந்தது. குழந்தையைத் தமக்கையிடம் ஒப்புவித்து, துயரத்தை எங்கே புதைப்பதென்று அறியாதவராய் டக்கோட்டாவுக்கே மீண்டும் போய் மாட்டுப்பண்ணை நடத்தினார். லிட்டில் மிசூரி ஆற்றங்கரையில் அவர் தேர்ந்த இடத்தில், கொம்போடு கொம்பு சிக்கிப் பிரிக்க இயலாமல் போரிட்டு மடிந்த இரண்டு எல்க் மான்களின் கொம்புகள் கிடந்தன. அதனால் அப்பண்ணைக்கு எல்க்ஹார்ன், அஃதாவது எல்க் கொம்பு, என்று பெயரிட்டார்.

பெயர் இருந்ததேயன்றி மான் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியிற் கூட்டங்கூட்டமாய்த் திரிந்த எல்க் மான்கள் அவர் குடியேறிய காலத்தே அற்றுப்போயின. பண்ணைக்கருகில் தாம் சுட்ட ஒரு மான், அவ்விடத்தில் இனி என்றும் காணப்படாத தன் இனத்தின் கடைசியாயிருக்கலாம் என்று அவரே தம் நூலொன்றில் எழுதினார். அவ்வாறு எழுதுங்கால் அவர் குரலில் வருத்தம் தொனிக்கின்றது. ஆயினும் சுட்டவர் தாமே என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1883-இல் காட்டெருமை முன் கூத்தாடியவர்க்கும் இவ்வரிகளை எழுதியவர்க்கும் இடையே மாற்றம் ஒன்று நிகழ்ந்துள்ளது என்று நாம் கருதுகிறோம்.

1884-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வயோமிங் நிலத்திலுள்ள பிக்ஹார்ன் மலைகளுக்கு அவர் நெடும்பயணம் சென்றார். சக்கரவண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பொதிக்குதிரைகளோடு மேலே ஏறி, எல்க் மான்களையும் பெருங்கரடிகளையும் சுட்டார். இறைச்சி அவர்களுடைய கூடாரத்து உணவாயிற்று. தலைகளும் தோல்களும் வண்டியிலேறிப் பண்ணைக்கு வந்தன. அத்துணை மானிறைச்சியும் பல நாள் வழியைக் கடந்து வந்திருக்க இயலாது என்பது நம் எண்ணம். வீழ்ந்த விலங்கில் எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேட்கும் காவலர் அம்மலைகளில் அந்நாளில் இல்லை.

இவ்வேட்டைகளைப் பற்றி 1885-இல் அவர் வெளியிட்ட நூலை, வேட்டைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராகிய ஜார்ஜ் பேர்டு கிரின்னல் பாராட்டியும் சில பிழைகளைச் சுட்டியும் மதிப்புரை எழுதினார். ரூஸ்வெல்ட் விசாரிக்க நேரே பத்திரிகை நிலையத்துக்குச் சென்றார். சென்றவர் நண்பராய்த் திரும்பினார். கிரின்னல் அப்பொழுதே மேற்குப் புலத்திற் பல ஆண்டு சுற்றியவர். தோலுக்காகவும் அங்காடி விற்பனைக்காகவும் எல்க் மான்கள் எவ்வாறு கொல்லப்பட்டன என்பதைக் கண்ணாரக் கண்டவர். மனம் மாற நூலும் போதும்; ஆனால் கணக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் வாய்த்தால் மாற்றம் விரையும்.

இருவரும் கூடி 1887-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் பூன் அண்டு குரோக்கெட் கழகத்தைத் தொடங்கினர். ரூஸ்வெல்ட்டே முதல் தலைவர். பழைய காட்டுவீரர் இருவர் பெயரைத் தாங்கிய இக்கழகத்தில் அமெரிக்கப் பெருவிலங்குகளைத் தாமே வேட்டையாடிய செல்வரும் அறிஞரும் உறுப்பினராயினர். தப்பிச்செல்லும் வாய்ப்பை விலங்குக்கு அளியாமற் கொல்லுதல் வேட்டையன்று என்பது அவர்கள் கொள்கை. ஆழ்ந்த பனியிற் சிக்கி அசைய மாட்டாத மானையும், நீரில் நீந்தும் மானைப் படகிலிருந்தும் கொல்லுவதை அவர்கள் இழிவென்றனர். மிகுதியாகக் கொன்று வீணாக்குவோரைக் கசாப்புக்காரர் என்று இகழும் வழக்கமும் அவர்களிடையே பரவியது. கசாப்புத் தொழில் செய்வோர்க்கு இது பொருந்தாத இகழ்ச்சியே. அவர் ஒரு விலா எலும்பையும் வீணாக்குபவரல்லர் அன்றோ?

ரூஸ்வெல்ட் 1891-இல் எல்லோஸ்டோன் பூங்காவுக்குத் தெற்கே இரு கடல் கணவாய் என்னும் இடத்திற்கு மீண்டும் எல்க் வேட்டைக்குச் சென்றார். அங்கே ஓர் ஓடை இரண்டாகப் பிரிந்து ஒருகிளை அட்லாண்டிக் கடலுக்கும் மறுகிளை பசிபிக் கடலுக்கும் செல்கின்றது. பொதிக்குதிரைகள் விழுந்த மரங்களுக்கிடையிலும் சதுப்பிலும் சிக்கித் தவித்ததையும், மழையில் நனைந்த கயிற்றை இறுக்கிக் கட்டும் தொல்லையையும் அவர் நகைச்சுவையோடு விரித்தெழுதியுள்ளார். பொதி கட்டத் தெரிந்த வழிகாட்டியே அப்பயணத்தின் உண்மைத் தலைவன் என்பது அதனைப் படிப்போர்க்கு விளங்கும். இக்காலத்தே கொம்புள்ள ஆண்மான்களையே தேர்ந்து சுடும் வழக்கம் அவரிடத்து நிலைத்தது.

எல்லோஸ்டோன் பூங்கா 1872-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டதெனினும், அதனுள்ளே விலங்கைக் கொல்வோனைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. பிடிபட்டவனின் கருவிகளைப் பறித்து எல்லைக்கு வெளியே அனுப்புவதே செய்யக்கூடியது. 1894-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹவல் என்பவன் பனியிற் சிக்கிய காட்டெருமைகளைத் தலைக்காகக் கொன்ற இடத்திலேயே பிடிபட்டான். தற்செயலாய் கிரின்னலின் பத்திரிகை நிருபர் ஒருவர் அப்போது பூங்காவில் இருந்தார். செய்தி நாடெங்கும் பரவியது. ரூஸ்வெல்ட்டும் கழகத்தாரும் தலைநகரிற் பல ஆண்டு முயன்றும் நிறைவேறாத மசோதா, அயோவா மாகாணத்து உறுப்பினர் ஜான் லேசியின் முயற்சியால், அவ்வாண்டு மே 7-ஆம் நாள் சட்டமாயிற்று. சிறையும் அபராதமும் அதன்பின்னரே பூங்காவுக்குள் நுழைந்தன. வெளியே வேட்டையாடப்பட்ட எல்க் மான்களுக்கு அஃது உறைவிடமாயிற்று.

இனிப் பற்களின் கதையைக் கூறுவோம். நியூயார்க்கில் 1868-இல் தோன்றிய எல்க்ஸ் என்னும் நேசக்கழகத்தார் தம் மானின் பல்லைக் கடிகாரச் சங்கிலியிற் பதித்து அணிவதைப் பெருமையாகக் கருதினர். கழகம் வளர வளரப் பல்லின் விலையும் வளர்ந்தது. வயோமிங்கிலுள்ள ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் பட்டினியால் தளர்ந்து நின்ற மான்களைச் சிலர் சுட்டு, இரண்டு பற்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு எழுநூறு ராத்தல் உடலைப் பனியில் விட்டுச் சென்றனர். நாளடைவில் கழகத்தாரே வெட்கி இவ்வழக்கத்தைக் கைவிட்டனர். தோலுக்காக விடப்பட்ட இறைச்சியைக் காட்டிலும் பல்லுக்காக விடப்பட்ட இறைச்சியே பொதுமக்கள் மனத்தைச் சுட்டது என்று தோன்றுகிறது.

வீணாக்குதல் குற்றம் என்னும் இவ்வெண்ணம் யாருடைய தோளில் முதலில் விழுந்தது என்பதை மறைத்தல் முறையன்று. பானக் குலத்துப் பழங்குடியினர்க்கு 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வேட்டையுரிமை அளிக்கப்பட்டிருந்தது. அக்குலத்தவராகிய ரேஸ் ஹார்ஸ் என்பவர் 1895-இல் வயோமிங்கில் ஏழு எல்க் மான்களைக் கொன்றதற்காகக் கைதியானார். வயோமிங் மாகாணமானபோதே அவ்வுரிமை மறைந்தது என்று உச்ச நீதிமன்றம் 1896-இல் தீர்ப்பளித்தது. இறைச்சியைத் தின்றும், தோலை உடுத்தும், நரம்பைக் கயிறாகத் திரித்தும், விலங்கை முழுதும் பயன்கொண்டு பழகிய மக்களே சட்டத்தின் முன் குற்றவாளிகளாயினர். கொம்புக்காகத் தொலைவிலிருந்து வந்த செல்வரோ அனுமதிச் சீட்டோடு வேட்டையாடினர். ரூஸ்வெல்ட் இதனை அநீதியாகக் கண்டார் என்பதற்குச் சான்று இல்லை. பழங்குடியினரைக் குறித்து அவர் இளமையிற் பேசியனவும் எழுதியனவும் இன்று படிப்போர்க்கு நாணம் தருவன. அவர் புகழை எழுதுவோர் பலர் இப்பகுதியைக் கடந்து செல்கின்றனர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை.

1898-இல் கியூபாப் போரிற் புகழ் பெற்று, நியூயார்க் ஆளுநராகி, 1901-ஆம் ஆண்டு செப்டம்பரில் மக்கின்லி கொலையுண்டமையால் நாற்பத்திரண்டு வயதிலேயே நாட்டின் தலைவரானார். அதற்கு முந்திய ஆண்டில் லேசி பெருமகனார் மற்றொரு சட்டத்தையும் நிறைவேற்றியிருந்தார். ஒரு மாகாணத்துச் சட்டத்துக்கு மாறாகக் கொன்ற விலங்கையோ பறவையையோ வேறு மாகாணத்துக்குக் கொண்டு செல்லுதல் நாட்டுக் குற்றம் என்பது 1900-ஆம் ஆண்டின் அச்சட்டம். காட்டில் ஒளிந்து கொல்பவனைப் பிடித்தல் அரிது. புகைவண்டியில் ஏறும் இறைச்சிப் பீப்பாயைப் பிடித்தல் எளிது. இவ்வுண்மையை உணர்ந்து வகுத்த சட்டம் அது. அங்காடிக்காகக் கொல்லும் தொழில் இதனால் நலிந்தது. காட்டுமானிறைச்சியை விற்றல் அந்நாட்டில் இன்றும் பொதுவாகத் தடைப்பட்டதே.

தலைவராயிருந்த ஏழரை ஆண்டுகளில் அவர் காட்டுக்குச் செய்த நன்மைகளை எண்ணிச் சொல்லின் ஏடு கொள்ளாது. 1903-இல் பெலிக்கன் தீவைப் பறவைகளுக்கு உறைவிடமாக்கியது முதலாக, ஏறக்குறைய இருபத்து மூன்று கோடி ஏக்கர் நிலம் அவர் கையெழுத்தால் ஏதேனும் ஒருவகைக் காவலைப் பெற்றது. 1902-இல் மிசிசிப்பி மாகாணத்தில் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தமையும், அதிலிருந்து டெடி என்னும் பொம்மைக்கரடி தோன்றியமையும் சிறுவரும் அறிவர். காயம்பட்ட அக்கரடியைத் துன்பந்தீரக் கொன்றுவிடும்படி அவரே பணித்தார் என்னும் பிற்பகுதியைப் பொம்மை விற்போர் சொல்வதில்லை. 1903-இல் எல்லோஸ்டோனுக்குச் சென்றபோது துப்பாக்கியை எடாமல், தொலைநோக்கியால் ஆயிரக்கணக்கான எல்க் மான்களை எண்ணிக் களித்தார். அப்பயணத்தில் அவர் கொன்றது தம் தொப்பியாற் பிடித்த எலி ஒன்றே. அதனையும் தோலுரித்து ஆராய்ச்சிக்கு அனுப்பினார்.

பசிபிக் கடற்கரையில் ஒலிம்பிக் மலைகளில் வாழும் எல்க் மான் மற்றவற்றினும் பருத்தது. விலங்கு நூற்புலவர் மெரியம் அதனைத் தனிவகையெனக் கண்டு, 1897-இல் ரூஸ்வெல்ட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். சிறு வேறுபாடுகளைக் கொண்டு புதுப்புது இனங்களை வகுப்பதில் மெரியம் வரம்பு மீறுகிறார் என்று அவரோடு ரூஸ்வெல்ட் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. இப்பெயரீட்டுக்கு எதிராக அவர் வாதாடினாரல்லர். பல்லுக்கும் தோலுக்குமாக அம்மான்களும் குறைந்துவரக் கண்டு, பதவி நீங்க இரண்டு நாட்களே இருந்தபோது, 1909-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள், ஆறு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலத்தை ஒலிம்பஸ் தேசியச் சின்னமாக அறிவித்தார். அதுவே 1938-இல் பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் ஒலிம்பிக் தேசியப் பூங்காவாயிற்று.

பதவி விட்டதும் அவர் ஆப்பிரிக்காவுக்குச் சென்றது அவர் புகழில் ஒரு கறை என்பார் பலர். ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச் சாலைக்காகச் சென்ற அக்கூட்டத்தில் அவரும் மகனார் கெர்மிட்டும் மட்டும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு விலங்குகளைச் சுட்டனர். ஒன்பது வெள்ளைக் காண்டாமிருகங்கள் அவற்றுள் அடங்கும். தோல்களும் எலும்புகளும் ஆராய்ச்சிக்குச் சென்றன. இறைச்சி பெரும்பாலும் சுமைகூலிகளின் வயிற்றை நிறைத்தது. வீணாக்கினார் என்று அவரைச் சொல்லல் கூடாது. மிகையாகக் கொன்றார் என்று சொல்லலாம். பயன்கொள்ளுதல் கொலைக்கு ஒரு வரம்பு. எண்ணிக்கை வேறொரு வரம்பு. முன்னதை அவர் நன்கு கற்றார். பின்னதைத் தமக்கு விதித்துக்கொள்ள அவர் இறுதிவரை தடுமாறினார் என்பதே எம் தீர்ப்பு.

எஞ்சிய ஆண்டுகளை விரைந்து கூறிவிடலாம். 1912-இல் மீண்டும் தலைமைப்பதவிக்கு நின்று தோற்றார். அத்தேர்தற் காலத்தில் மார்பிற் குண்டு பாய்ந்தும் மேடையேறிப் பேசினார். 1914-இல் பிரேசில் நாட்டுக் காட்டாறு ஒன்றை ஆராய்ந்து நோயால் மெலிந்து திரும்பினார். கடைசி மகனாரை 1918-இல் போரில் இழந்தார். 1919-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் சாகமோர் ஹில் என்னும் தம் இல்லத்தில் உறக்கத்தில் உயிர்நீத்தார்.

அவர் காலத்து எண்ணங்கள் இன்று எவ்வாறு விதிகளாய் எழுதப்பட்டுள்ளன என்பதைச் சிறிது காண்போம். ஒவ்வொரு மாகாணமும் தன் சட்டத்தைத் தானே வகுப்பதால் வேற்றுமைகள் பல. வயோமிங்கில் முன்கால் இறைச்சி முழந்தாள்வரையும், பின்கால் இறைச்சி கணுமூட்டுவரையும், முதுகெலும்பை ஒட்டிய இறைச்சியும் கொண்டுவரப்படல் வேண்டும். அலாஸ்காவில் இவற்றோடு கழுத்தும் நெஞ்சும் விலாவும் சேரும். குடலும் எலும்பும் காக்கைக்கும் கரடிக்கும் விடப்படலாம். குண்டு சிதைத்த தசைக்கு விலக்குண்டு. மொன்டானாச் சட்டம், தலையையும் தோலையும் கொம்பையும் மட்டும் எடுத்துப் போதலைக் குற்றமென்பதோடு நில்லாமல், பல்லையும் தந்தத்தையும் பெயர் சொல்லியே குறிக்கின்றது. ஜாக்சன் ஹோல் பனியிற் கிடந்த உடல்களின் நினைவு அச்சொற்களில் உறைந்துள்ளது போலும். கொலராடோவில் கொம்புக்காக இறைச்சியைக் கைவிடுதல் பெருங்குற்றமாகவே கருதப்படும்.

இறைச்சியைச் சுமக்கும் முறைக்கும் விதிகள் உண்டு. சுட்டது ஆணா பெண்ணா என்பது விளங்கும்படி, அதற்குரிய உறுப்பு இறைச்சிக் கூறு ஒன்றோடு இயல்பாகவே ஒட்டியிருத்தல் வேண்டும் என்பர் கொலராடோவினர். ஆண்மானுக்குச் சீட்டுப் பெற்றவன் பெண்மானைக் கொன்று மறைத்தலைத் தடுப்பதே நோக்கம். அனுமதிச் சீட்டின் ஒரு பகுதி உடலோடு பிணைக்கப்படும். வேறொருவர் வழியே இறைச்சியை அனுப்பின் கையொப்பமிட்ட எழுத்துத் தேவை. அண்மைக்காலத்தில் மற்றொரு கவலையும் சேர்ந்தது. மான்களின் மூளையைச் சிதைக்கும் கொடிய நோய் ஒன்று கொலராடோவில் 1967-இல் அடைபட்ட மான்களிடையே முதலிற் காணப்பட்டு, 1981-இல் காட்டு எல்க் மானிடத்தும் கண்டறியப்பட்டது. அது பரவாதிருக்க, மூளையும் முதுகெலும்பும் நீக்கிய இறைச்சியையே எல்லைக்குள் விடுவோம் என்று பல மாகாணங்கள் விதித்துள்ளன. ஆதலின் இன்றைய வேட்டைக்காரன் எதனை விட்டுவரலாகாது என்பதோடு எதனைக் கொண்டுவரலாகாது என்பதையும் படித்தறிதல் வேண்டும்.

பழங்குடியினர் வழக்கிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. மொன்டானாவிலுள்ள குரோ குலத்தார் சிலர் 2014-இல் பிக்ஹார்ன் மலைக்காட்டுக்குள் எல்க் மான்களைத் தொடர்ந்து சென்று சுட்டு, இறைச்சியைத் தம் இல்லங்களுக்குக் கொண்டுசென்றனர். வயோமிங் அரசு வழக்குத் தொடுத்தது. மாகாணம் ஆனதால் மட்டும் உடன்படிக்கையுரிமை அழியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறி, ரேஸ் ஹார்ஸ் வழக்கின் பழைய கொள்கையைத் தள்ளியது. ரூஸ்வெல்ட் 1884-இல் பொதிக்குதிரைகளோடு ஏறியது அதே பிக்ஹார்ன் மலைத்தொடரே.

அவர் பெயர்தாங்கிய மான் இன்று ஒலிம்பிக் மலைகளில் மட்டும் வாழவில்லை. 1928-இல் அங்கே பிடிக்கப்பட்ட எட்டுக் கன்றுகள் அலாஸ்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, மறு ஆண்டில் அபோக்னாக் தீவில் விடப்பட்டன. அவற்றின் வழிவந்த மந்தைகள் அத்தீவின் ஈரக்காடுகளில் இன்றும் மேய்கின்றன, வேட்டைக்கும் இடமுண்டு. சாலைகள் அரிய அத்தீவில் வேட்டையாடுவோர் விமானத்திலோ படகிலோ வந்திறங்கி, கூறுகூறாக இறைச்சியைக் கரைக்குச் சுமக்கின்றனர். கழுத்தும் விலாவும் உட்பட உண்ணத்தக்க இறைச்சி யாவும் முதலிற் போதல் வேண்டும். கொம்பு கடைசிச் சுமையோடுதான் அங்கிருந்து அகலலாம் என்பது அங்குள்ள சட்டம்.